மூன்றாவது ஹீட்டர் காயில்

திருப்பூர்ப் பக்கம் காருக்குள் ஹீட்டர் போட்டுக்கொண்டு போகிறவன் ஒன்று கிறுக்கனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ரத்தினசாமி அண்ணனாக இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் கண்ணாடி நான்கையும் ஏற்றிவிட்டு, ஹீட்டரை முழுசாகத் திருப்பி வைத்து, சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்க அவர் என் ஒர்க்‌ஷாப் முன்னால் வந்து இறங்கிய அன்று, கிறுக்கன் என்றுதான் நானும் முடிவு கட்டினேன்.

என் ஒர்க்‌ஷாப் அவிநாசிபாளையத்தில், தாராபுரம் ரோட்டின் மேலேயே இருக்கிறது. என் பெயர் சீனிச்சாமி, சொந்த ஊர் கமுதிப் பக்கம். பனியன் கம்பெனி வேலைக்கென்று இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பஸ் ஏறி வந்தேன். பஞ்சுத் தூசி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் ஸ்பானரைப் பிடித்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வண்டியை வீணடிக்கிறவனை முகத்துக்கு நேராகவே திட்டிவிடுவேன். அதனால் பாதிப் பேர் வரமாட்டார்கள். வருகிறவர்கள் திட்டு வாங்கத் தயாராக வருவார்கள்.

ரத்தினசாமி அண்ணனின் தோட்டம் குண்டடம் போகிற வழியில் இருக்கிறது. தோட்டத்து மூலையில் சாயப்பட்டறை வைத்து நடத்தியவர். கழிவுத் தண்ணீருக்காகப் பட்டறைகளையெல்லாம் கோர்ட் மூடச் சொன்ன காலத்தில் அவருடையதும் மூடியது. நல்லா இருந்த நாளில் வாங்கிய டீசல் கார் மட்டும் மிச்சம். இருபது வயது தாண்டிய வண்டி.

"முன்சீட்டுல இடது பக்கம், கால் வெக்கற எடம் ஈரமாவே கெடக்குதுங்க தம்பி. மழையுமில்ல, ஒண்ணுமில்ல. ஹீட்டரப் போட்டா இன்னும் சாஸ்தியாகுது, நீங்க பாக்கோணுமின்னுதான் போட்டுட்டே வந்தனுங்க," என்றார்.

மிதியடியைத் தூக்கி, விரலால் தொட்டு மோந்து பார்த்தேன். தித்திப்பு வாசம். என்ஜின் சூட்டைத் தணிக்க ஊற்றுகிற கூலன்ட் தான், சந்தேகமே இல்லை. என்ஜினைச் சுற்றி ஓடுகிற சுடுதண்ணீரில் ஒரு பங்கு இரண்டு ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் வரும். அங்கே ரேடியேட்டரின் குட்டி மாதிரி ஒன்று உட்கார்ந்திருக்கும், அதுதான் ஹீட்டர் காயில். அதற்குள் சுடுதண்ணீர் ஓட, மேலே காற்றடித்தால் வண்டிக்குள் சூடு வரும். காயிலில் ஓட்டை விழுந்தால் அந்தத் தண்ணீர் நேராக இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர் காலடியில் இறங்கும்.

"இந்த ஊருக்கு எதுக்குண்ணே ஹீட்டரு? இது என்ன ஊட்டியா? ரெண்டு ஹோஸையும் கழட்டி ஒண்ணோட ஒண்ணு மாட்டி விட்டுர்றேன். அரை மணி நேர வேலை. தண்ணி உள்ளாற வரவே வராது."

"இல்லீங்க தம்பி. ஹீட்டரு வேணுமுங்க."

"அப்படி என்னண்ணே குளிரு உங்களுக்கு?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் வண்டியின் பானட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஊட்டுல அவளுக்கு ரெண்டு கிட்னியும் போச்சுங்க. சர்க்கரை. திங்கள், புதன், வெள்ளி திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போயி டயாலிசிஸ் பண்றமுங்க. நாலு மணி நேரம் ரத்தத்த வெளிய எடுத்து மறுபடி உள்ள உடறாங்க. முடிச்சு வெளிய வர்றப்ப அந்தக் குளிரு குளிருவாளுங்க, பல்லுக் கிட்டிப் போகும். ரெண்டு போர்வை போத்துனாலும் நிக்கறதில்ல. இந்த ஹீட்டரப் போட்டாத்தான் ஒரு பத்து கிலோமீட்டர்ல கண்ணத் தொறந்து பேசுவா."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் சட்டையில் வழிந்த வியர்வையைப் பார்த்துவிட்டு, "சரிண்ணே, ரெண்டு நாள் வண்டிய விடுங்க," என்றேன்.

டேஷ்போர்டை முழுசாகக் கழற்றினால்தான் அந்தக் காயில் கைக்கு வரும். கழற்றினேன். ஊசி குத்தின மாதிரி ஒரு ஓட்டை. பற்றவைத்து அடைத்து, காற்றடித்துத் தண்ணீரில் முக்கிப் பார்த்து, திருப்திப்பட்டு மாட்டினேன். வண்டியை எடுக்க வந்தபோது எச்சரித்தும் அனுப்பினேன்.

"கூலன்ட் மட்டும்தாண்ணே ஊத்தணும். கலக்கணும்னா பேட்டரிக்கு ஊத்துற தண்ணி. போர் தண்ணி ஒரு சொட்டு போகக் கூடாது. இந்தப் பக்கத்துத் தண்ணி இரும்பையே தின்னுரும்."

"சரிங்க தம்பி, சரிங்க," என்றார். சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

ஆடியில் மறுபடி வந்தார். அதே இடம், அதே ஈரம். எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. மறுபடி டேஷ்போர்டு. நான் அடைத்த இடம் கல் மாதிரி நின்றது. அதற்கு நாலு விரல் தள்ளி இரண்டு புது ஓட்டைகள். உள்ளே சுரண்டினால் வெள்ளையும் மஞ்சளுமாகப் பொருக்கு உதிர்ந்தது. தண்ணீர் ரோஸ் நிறமாகத்தான் இருந்தது, கேனில் வருகிற கூலன்ட் போலவே. ஆனால் தித்திப்பு வாசம் மட்டும் இல்லை.

இப்போது நினைத்தால் அந்த இடத்தில் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. வாசம் இல்லை என்பது மூக்குக்குத் தெரிந்தது. தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டர் டிராயரில் கிடந்தது. தண்ணீரில் முக்கிப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது. முக்கவில்லை. "என்ன தண்ணி ஊத்துனீங்க?" என்று கேட்டேன், "கூலன்ட்தானுங்க தம்பி," என்றார், கண்ணால் பார்த்தால் கூலன்ட் நிறம்தான், விட்டுவிட்டேன். ஊரையெல்லாம் திட்டுகிறவன், பெரிய மனுஷன் பொய் சொல்லமாட்டார் என்று அன்று மட்டும் மரியாதை பார்த்தேன்.

பழைய காயில் வீணாகிவிட்டது என்று தீர்மானித்து, கோயம்புத்தூர் உக்கடத்துக்குப் போய்ப் பழைய சாமான் கடையில் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினேன். ஆவணியே முடியவில்லை, அதுவும் ஒழுகியது. உக்கடத்துக்காரனை போனில் கூப்பிட்டு, அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினேன். அவன் பாவம், இன்னொன்று கொடுத்தனுப்பினான். அதைத்தான் மூன்றாவது காயில் என்கிறேன். மாட்டி அனுப்பி ஒன்றரை மாதம் சத்தமில்லை. நானும் மறந்துவிட்டேன்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை மத்தியானம். கண்ணாடியெல்லாம் உள்ளே ஆவி படிந்து வெள்ளையாக, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டு அவர் வந்து நின்றார். கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து நீராவி வந்தது. முன்சீட்டில் போர்வை போர்த்தி ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அண்ணனின் மனைவி தெய்வாத்தாள் அக்காவை அன்றுதான் முதல் முறையாகப் பார்க்கிறேன். மெலிந்த முகம். கையில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வாங்க தம்பி. நீங்கதானுங்களா சீனிச்சாமி? உங்க ஹீட்டரு இன்னிக்கு நெம்ப நல்லா வேல செய்யுது," என்றார்.

குனிந்து அவர் காலடியைப் பார்த்தேன். மிதியடிப் பள்ளத்தில் தண்ணீர் நின்றது. அதிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. வெள்ளைப் பருத்தி சாக்ஸ் போட்ட இடது கால், அந்தத் தண்ணீருக்குள் இருந்தது.

"அக்கா, காலை எடுங்க!"

"ஏனுங்க, ஈரமாயிருச்சுங்களா?" என்று கேட்டார்.

நான் கையை விட்டேன். சுரீரென்று உடனே இழுத்துக்கொண்டேன். இருபது வருஷமாக ரேடியேட்டர் மூடி திறந்து காய்த்துப்போன கை. அதற்கே தாங்கவில்லை. சர்க்கரை அவர் பாதத்தின் உணர்ச்சியை எப்போதோ எடுத்துவிட்டது. அந்தக் கொதிக்கிற தண்ணீரில் எவ்வளவு தூரம் காலை வைத்துக்கொண்டு வந்தாரோ, அவருக்கே தெரியவில்லை. ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷமாக உட்கார்ந்திருக்கிறார்.

காலைத் தூக்கி, குடத்தில் இருந்த குடிதண்ணீரை ஊற்றினேன். சாக்ஸை மெதுவாக உருவினேன். பாதத்தின் மேல்தோல் அதோடு சேர்ந்து வந்தது. ரத்தினசாமி அண்ணன் அதைப் பார்த்துவிட்டு ரோட்டோரத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். அக்கா மட்டும் என் முகத்தையே பார்த்தார். "ரொம்பப் பட்டிருச்சுங்களா தம்பி? அவருகிட்டப் பெருசாச் சொல்லாதீங்க," என்றார்.

என்னிடம் ரிப்பேருக்கு நின்ற வேறொருவருடைய காரை எடுத்துக்கொண்டு, திருப்பூருக்கு, அவர்கள் வந்த அதே ஆஸ்பத்திரிக்குத் திரும்ப ஓடினோம். சர்க்கரை, கிட்னி, இப்போது இந்தப் புண். காலைக் காப்பாற்றப் பார்க்கிறோம், ஒரு வாரம் போனால்தான் தெரியும் என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாட்டியவன் நான். இந்தக் கையால் முடுக்கிய காயில். அரை மணி நேரத்தில் ஹோஸை மாற்றி மாட்டி விடவா என்று கேட்டவனும் நான்தான், வேண்டாம் என்றதும் இளகிப்போனவனும் நான்தான். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றது. அதைத் தொடவே பிடிக்கவில்லை. போன் அடித்தால் ஆஸ்பத்திரியோ என்று ஸ்பானரைப் போட்டுவிட்டு ஓடினேன். மூன்றாம் நாள் விரல்கள் கறுக்கின்றன என்று அண்ணன் சொன்னார்.

நாலாம் நாள் என் மனைவி ராமாயி அந்த சாக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அதை என் அழுக்குத் துணியோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன் போல. அவள் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் நிற்கிறவள். துணியைப் பார்த்தால் அதன் ஜாதகத்தைச் சொல்வாள்.

"இது எந்தக் கம்பெனி சாயம்யா? மூணு வாட்டி சோப்புப் போட்டுக் கசக்கிட்டேன், ஒரு பொட்டுக்கூடப் போகல," என்றாள்.

"சாயமில்ல, கூலன்ட்."

"எனக்கே சொல்லித் தர்றியா? கூலன்ட் உன் சட்டையில வாரத்துக்கு ஒரு தடவை படுது. தண்ணியில அலசுனா ஓடிருது. இது நூலுக்குள்ள புடிச்சிருக்கு. உப்பும் சூடும் குடுத்து ஏத்துன சாயம்."

சாக்ஸை வாங்கிப் பார்த்தேன். ரோஸ் நிறம், ஒரே சீராக, கடையில் வாங்கின மாதிரி. நான் அப்படியே எழுந்து ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ரேடியேட்டர் அடியில் ஒரு டப்பாவை வைத்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, டி.டி.எஸ். மீட்டரை முக்கினேன். குடிக்கிற தண்ணீருக்கு நூறு, இருநூறு காட்டும். இது ஆறாயிரத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. டிக்கியைத் திறந்தேன். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இரண்டு லிட்டர் பாட்டில்கள் நாலு, நாலிலும் ரோஸ் தண்ணீர். நாக்கில் ஒரு சொட்டு வைத்தேன். கடல்.

வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த நாலு பாட்டிலையும் அவர் மூஞ்சியில் ஊற்றிவிட்டு வருவதென்று ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டுதான் மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ரத்தினசாமி அண்ணன் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. மடியில் ஒரு காகிதம். பாட்டிலைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"என்னண்ணே இது?"

"கலர் தண்ணிதானுங்க தம்பி," என்றார். "முப்பது வருசம் கலர்லயே கெடந்தவன் நான். அந்தக் கேனத் தொறந்து பாத்தேன். இதென்ன பெரிய மருந்து, கலர் தண்ணிதானேன்னு தோணுச்சுங்க. பட்டறை மூடுனப்ப மிஞ்சுன சாயப்பொடி ஊட்டுல கெடந்துச்சு. ஒரு சிட்டிகை போட்டுக் கலக்குனா அதே ஷேடு. ஒழுகுனா கண்ணுக்குத் தெரியறதுக்குத்தான் அவனும் கலர் போடறான்னு நெனச்சேன். ஏமாத்தணுமின்னு பண்ணலீங்க."

"கேட்டப்ப கூலன்ட்னு சொன்னீங்களே."

"எனக்கு அது கூலன்ட்தானுங்க தம்பி."

"அண்ணே, கலர் இல்ல அதுல காரியம். துருப் புடிக்காம, அரிக்காம இருக்கத்தான் அது. நீங்க ஊத்துனது உப்பு. மூணு காயிலையும் உள்ளேருந்து தின்னது உங்க போர் தண்ணி. அதுதான் கொதிச்சு அக்கா காலுல கொட்டிருக்கு. வீட்டுல குடிக்கிற ஆர்.ஓ. தண்ணி இருக்குதுல்ல? அதையாவது ஊத்தியிருக்கலாமே."

"அது அவளுக்கு வேணுமுங்களே. அவளுக்கே ஒரு நாளைக்கு முக்கா லிட்டருதான் டாக்டரு குடிக்கக் குடுக்கச் சொல்லியிருக்காரு. அந்தத் தண்ணியக் கொண்டுபோயி காருக்கு ஊத்த எனக்கு மனசு வருல," என்றார்.

"போர்ல எப்படிண்ணே இவ்வளவு உப்பு?"

அவர் மடியிலிருந்த காகிதத்தை என்னிடம் நீட்டினார். சம்மதப் பத்திரம். விஷம் மேலே ஏறுகிறதாம். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், இன்றைக்கே எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது.

"காலையிலேருந்து கேக்கறாங்க. கை வருலீங்க," என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். அறுபது வயது தாண்டிய மனிதர், என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "தம்பி, ஒரே ஒரு உதவி. எதனால ஒழுகுச்சுன்னு அவ கேட்டுட்டே இருக்கறா. நாந்தான் பண்ணுனேன்னு தெரிஞ்சா, இனி என்ற மூஞ்சிய எப்படிங்க பாப்பா? காயிலு சரியில்லன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க. உங்க மேல போட்டுக்குங்க. அதுக்கப்பறம் நான் இதுல கையெழுத்துப் போட்டர்றனுங்க."

கொண்டுவந்த பாட்டிலை பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

அக்கா தலையணையில் சாய்ந்து கிடந்தார். காலுக்கு மேல் போர்வையைக் கூடாரம் மாதிரி தூக்கிக் கட்டியிருந்தார்கள். அந்த வாடையை நான் எழுதப் போவதில்லை. பக்கத்தில் ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"எடுக்கறாங்களாமுங்க. சொன்னாருங்களா?"

"சொன்னாருக்கா." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "அக்கா, நான் மாட்டுன காயிலு பழசு. உக்கடத்துல வாங்குனது. சரியா டெஸ்ட் பண்ணாம மாட்டிட்டேன். என் தப்புதான். மன்னிச்சுக்கங்க."

அக்கா தலையைத் திருப்பிக் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"அவரு சொல்லச் சொன்னாருங்களா?" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"டிக்கியில கெடக்கற பாட்டல்ல தண்ணி புடிச்சு வெச்சதே நாந்தானுங்க தம்பி. மோட்டாரப் போட்டு, துணியில வடிகட்டி, நாலு பாட்டலும் நாந்தான் நெப்புவேன். அவரு ஷெட்டுக்குள்ள போயி பொடி போட்டுக் குலுக்குவாரு. எனக்குத் தெரியாதுன்னு அவருக்கு நெனப்பு. பொடிய மோந்தா என்ன நெறமுன்னு சொல்ற ஊட்டுல முப்பது வருசம் குடித்தனம் பண்ணுனவ நானு."

"தண்ணி உப்புன்னு தெரியுமாக்கா?"

"உப்பு எப்படி வந்துச்சுன்னும் தெரியுமுங்க." அக்கா போர்வையின் நுனியை விரலில் சுற்றினார். "பட்டறைய மூடச் சொன்னப்ப தொட்டி நெறையா உப்பும் சாயமுமாக் கழிவுத் தண்ணி நின்னுச்சு. எங்க உடறது? ஆத்துல உட்டா புடிப்பாங்க. பழைய போரு ஒண்ணு வத்திக் கெடந்துச்சு, அதுக்குள்ள குழாய உட்டோமுங்க. மூணு நாளா எறங்குச்சு. நல்ல மழை. அவரு நனையக் கூடாதுன்னு நாந்தானுங்க பக்கத்துல நின்னு குடை புடிச்சேன். எங்க போகும் இத்தன தண்ணின்னு ஒரு வார்த்த கேக்கலீங்க நானு. காய்ச்சல் வந்துருமேன்னுதான் கவலப்பட்டேன்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"அந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் இந்தக் கிட்னியும் போச்சுன்னு அவரு நெனச்சுக்கிட்டிருக்காரு. வாய் தொறந்து சொன்னதில்ல, ஆனா எனக்குத் தெரியும். சர்க்கரைன்னு டாக்டரு சொல்றாரு, அவரு நம்பறதில்ல. வெயில்ல ஹீட்டரப் போட்டுக்கிட்டு வேத்து ஊத்தி ஓட்டறதெல்லாம் எதுக்குங்கறீங்க?" அக்கா என் கைமேல் கை வைத்தார். குளிர்ந்த கை. "தம்பி, நான் ஒண்ணு கேக்கறன். எனக்கு எல்லாந் தெரியுமின்னு மட்டும் அவருகிட்டச் சொல்லிராதீங்க. தாங்க மாட்டாரு. நீங்க சொன்னத நான் நம்பிட்டன்னே இருக்கட்டும். உங்க தப்புன்னே இருக்கட்டுங்களா?"

இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே பழியை என் தலையில் கட்டுகிறார்கள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. "இருக்கட்டுங்கக்கா," என்றேன்.

வெளியே வந்தேன். ரத்தினசாமி அண்ணன் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"நம்புனாளுங்களா?"

"நம்பிட்டாங்கண்ணே. என்னைத்தான் கண்டபடி திட்டுனாங்க."

அவர் முகத்தில் நிம்மதி வந்ததைப் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. நர்ஸிடம் பேனா வாங்கி, காகிதத்தைச் சுவரில் வைத்து, காலை எடுக்கலாம் என்று கையெழுத்துப் போட்டார்.